புஜ்ஜி வாசலைத் தாண்டாத காரணம்

கள்ளிக்குப்பத்தில் கிளினிக் வைத்து நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற எனக்கு, ஒருமுறை குடும்பச் சண்டையைத் தீர்த்துவைக்கும் வேலையும் வந்து சேர்ந்தது.

போன் செய்தவர் லோகு அண்ணன். "டாக்டரம்மா, பையன் கல்யாணம் முடிஞ்சதுலேர்ந்து புஜ்ஜி ஊட்டுக்குள்ள வரமாட்டேங்குது. வெளியவே படுத்துகினு கீது. சீக்கிரம் வாங்க, இங்க ஒரே ரகளை!"

புஜ்ஜி வயதான லேப்ரடார். பெயர்தான் புஜ்ஜி, ஆள் அரிசி மூட்டை மாதிரி இருப்பான். நான் போனபோது போர்ட்டிகோவில் படுத்திருந்தான். அண்ணனின் மனைவி சரோஜாக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மருமவ காலடி வெச்ச நாள்லேர்ந்து இப்டித்தான் கீது. வாயில்லா ஜீவனுக்கு ஆள் தெரியும்மா!"

புது மருமகள் நித்யா கண் சிவந்து கதவோரம் நின்றாள். பக்கத்தில் பெட்டி தயாராக இருந்தது.

"நான் நெமிலிச்சேரிக்கே போறேன் டாக்டர், எங்கம்மா வீட்டுக்கு. நாய்க்குக்கூட என்னைப் பிடிக்கலையாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு புஜ்ஜியை எழுப்பினேன். முன்னங்காலை ஊன்றியவன், பின்பக்கத்தைத் தூக்க முடியாமல் திணறினான். இடுப்பு ஜாயிண்டை மெல்ல மடக்கியதும் முனகினான். தேய்மானம்தான். ஆனால் அதற்காக வீட்டுக்குள் வராமல் இருப்பானா? யோசித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவ உள்ளே கால் வைத்தேன். சர்ர்ர்! கதவைப் பிடித்திருக்காவிட்டால் என் இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும்.

"இந்த டைல்ஸ் எப்போ போட்டீங்க?"

"கல்யாணத்துக்குத்தான். மொகம் பாக்கலாம், அப்டி ஷைனிங்கு!" என்றார் லோகு அண்ணன் பெருமையாக.

"இடுப்பு வலிக்கிறவன் இதுல எப்படிண்ணே நிப்பான்? வழுக்கிடுமோன்னு பயந்துதான் வரமாட்டேங்குறான். பாவம், இந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?"

நித்யா உள்ளே போய், சீரோடு கொண்டுவந்த யோகா மேட்டை எடுத்துவந்தாள். "பாய் போட்டு உருளுது" என்று அதைப் பார்த்து சரோஜாக்கா கிண்டலடிப்பாராம். அதை வாசலிலிருந்து உள்ளே விரித்து, மறுமுனையில் உட்கார்ந்தாள். புஜ்ஜி மோந்து பார்த்தான். ஒரு காலை வைத்தான். வழுக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டே நேராகப் போய் அவள் மடியில் தலையைச் சாய்த்தான். அழுதுகொண்டே சிரித்தாள் நித்யா. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சரோஜாக்கா அசரவே இல்லை. "நான்தான் அப்பவே சொன்னேனே, எங்க புஜ்ஜிக்கு ஆள் தெரியும்னு!"

பெட்டியை அவரே உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

பிறகு எக்ஸ்ரே எடுத்து, வலிக்கு மாத்திரை கொடுத்து, எடை குறைய தயிர் சாதத்தைப் பாதியாக்கச் சொன்னேன். இப்போதெல்லாம் நடக்கத் தயங்கும் நாய் வந்தால், தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: "வீட்டுக்கு டைல்ஸ் மாத்துனீங்களா? அதைச் சொல்லுங்க மொதல்ல. யார் மேல தப்புன்னு அப்புறம் பாத்துக்கலாம்."