பாஸ்வேர்ட் இல்லாமல் கடிதம் போகாது

மின்னஞ்சல் சர்வரைப் பார்க்கிற வேலையில், கடிதம் போனால் யாரும் நம்மை நினைப்பதில்லை. போகாவிட்டால் அத்தனை பேரும் நம் கதிரையைச் சுற்றி நிற்பார்கள். இதே வேலையில் அல்லல்படுகிறவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுதாத கடிதம்

மன்னாரில் நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கந்தோரில் எனக்கு வேலை. யார் எந்தப் பெயர் போட்டு அனுப்பினாலும் எங்கள் சர்வர் கேள்வி கேட்காது. எவனோ அதைக் கண்டுபிடித்து, முதலாளியின் பெயரில் சிங்கப்பூர் வியாபாரிக்கு ‘இந்தக் கிழமை நண்டு இல்லை’ என்று எழுதிவிட்டான். கட்டிய பெட்டிகள் ஐஸில் கிடந்தன. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு இடம் பார்ப்பதாக வியாபாரி சொல்லிவிட்டார். அவரை விட்டால் எங்களுக்கு ஆள் இல்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இனிப் பாஸ்வேர்ட் இல்லாமல் ஒரு கடிதமும் போகக்கூடாது. நானெண்டாலும் சரி.”

மரியாதை

அன்றைக்கே சர்வரை மாற்றினேன். ஆளுக்கொரு பாஸ்வேர்ட், அவரவர் கடிதம் அவரவர் பெயரில் மட்டும். ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமைதான். மறுநாள், கரையில் நண்டு சேர்க்கும் எங்கள் பள்ளிமுனை வாடியிலிருந்து நிறைப் பட்டியல் வரவில்லை. அங்கே நண்டு நிறுக்கும் மெற்றில்டா அக்காவின் கடிதத்தைச் சர்வர் திருப்பிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். பாஸ்வேர்ட் சரி, ஆனால் அனுப்புகிறவர் இடத்தில் முதலாளியின் முகவரி. இத்தனை வருடமும் அப்படித்தானாம். தாழ்வுபாட்டு வாடியிலும் இதே கதை. சொந்த முகவரியைப் போடச் சொன்னதும் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

“முதலாளி இருக்க, என்ர பேரிலை கடிதம் அனுப்ப நான் ஆர், பிள்ளை?”

தெரிந்த ஆள்

மறிச்சுக்கட்டியில் எங்களுக்கு நண்டு எடுத்துத் தருகிறவர் றபீக் நானா. நான் கொடுத்த பாஸ்வேர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் கடிதத்தை விடச் சொல்லிச் சர்வரிடம் சொல்லும்படி எனக்குப் போன் எடுத்தார். அது நான் சொன்னாலும் கேட்காது என்றேன்.

“முதலாளிக்கு என்னைத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும். இந்தச் சர்வர் பெட்டிக்கு மட்டும் நான் ஆரெண்டு தெரியாதாம்.”

நானெண்டாலும் சரி

இரண்டு கிழமைக்குப் பிறகு முதலாளி கொழும்பில் புதுப் போன் வாங்கினார். பாஸ்வேர்ட் போடாமல் அதிலிருந்து அனுப்பிய கடிதத்தைச் சர்வர் மறித்துவிட்டது. மன்னாருக்குத் திரும்பியதும் நேரே என் மேசைக்கு வந்து சத்தம் போட்டார். நான் மறித்த கடிதங்களின் பட்டியலை அவர் பக்கம் திருப்பினேன். அவர் பெயரில் அன்றைக்கு இரண்டு. ஒன்று அவருடையது. மற்றது எங்கோ தெரியாத இடத்திலிருந்து, அதே சிங்கப்பூர் வியாபாரிக்கு. முதலாளி இரண்டு தரம் வாசித்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“என்னை மறிச்சது பிழையில்லை. என்ர பாஸ்வேர்ட் என்னெண்டு மெற்றில்டாவைக் கேளுங்கோ, மறந்துபோகுமெண்டு அவவிட்டைத்தான் குடுத்து வைச்சிருக்கிறன்.”

கள்ளனை வெளியே நிறுத்த எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. நம்முடைய ஆட்களை அவரவர் பெயரில் உள்ளே எடுக்கிற வேலைதான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.