கூரையில்லாத பாட்டு மண்டபம்

பாட்டுப் போட்டி நடக்கும் சனிக்கிழமை சாயங்காலம் ஹால்மர் நாட்டுத் தெருக்களில் ஒரு நாயைக்கூடப் பார்க்க முடியாது. கடலோர நாடுகள் ஆளுக்கொரு பாட்டை அனுப்பும். எல்லா நாட்டு டிவியிலும் ஒரே நேரத்தில் ஓடும். கடைசியில் ஒரு நாட்டுக்கு இன்னொரு நாடு புள்ளி போடும். ஜெயித்த நாடு அடுத்த வருஷப் போட்டியைத் தன் மண்ணில் நடத்த வேண்டும். ஹால்மர் ஜெயித்ததே இல்லை. முன்பெல்லாம் நடுவில் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அப்புறம் வருஷா வருஷம் கடைசி இடம். பக்கத்து வெல்மார் நாட்டுக்காரன் அதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே பீர் வாங்கி வைத்துக்கொண்டு உட்காருவான்.

ஏன் இப்படித் தோற்கிறோம் என்று நாடே தலையைப் பிய்த்துக்கொண்டபோது காரணம் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். கார்ஸ்விக் துறைமுகத்துத் தொழிற்சாலையில் மீன் சுத்தம் செய்து டப்பாவில் அடுக்கும் தோர்டிஸ்.

அவள் புருஷன் எய்னார் கூரை வேலைக்காரன். டிவி நிலையத்து இயக்குநர் ஹால்வார்ட் பிரெம், "நாளைக்கே ஜெயிச்சா எங்க வெச்சு நடத்தறது?" என்று கேட்டு, ஊர்ப் பணத்தில் ஒரு பாட்டு மண்டபம் கட்ட ஆரம்பித்தான். நாலு சுவர் எழும்பியது. கூரைக்கு வந்தபோது பணத்தைக் காணோம். சாரத்தில் பிடிமானம் கிடையாது, இடுப்பில் கட்டக் கயிறு கிடையாது. "பலகையெல்லாம் உளுத்துக் கெடக்கு தோர்டிஸ். உசுரக் கையில புடிச்சிக்கிட்டுத்தான் கால் வெக்கிறோம்" என்று எய்னார் சொன்னான். அடுத்த வாரமே பலகை முறிந்து, விழுந்து செத்தான்.

அன்று சாயங்காலமே பிரெம் டிவியில் தோன்றி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "குடித்துவிட்டு ஏறியிருக்கிறார்" என்றான். பாவி! எய்னார் வயிற்றுப் புண்ணுக்காரன். பீர் வாடை அடித்தாலே எழுந்து வெளியே போகிறவன். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான் என்ற தைரியம். மண்டபத்தைச் சுற்றிப் பச்சைத் தகர வேலி வந்தது, 'விரைவில் திறப்பு விழா' என்ற பலகையோடு. தோர்டிஸ் ரொட்டி வாங்கப் போனால் முதுகுக்குப் பின்னால், "அதோ, குடிகாரன் பொண்டாட்டி" என்றார்கள். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வருவாள். 

அதற்குப் பிறகுதான் பிரெம் பொறுக்கி எடுத்து அனுப்பும் பாட்டெல்லாம் நாறத் தொடங்கின. ஒரு வருஷம் ரம்பம் வாசிக்கிறவன் போனான். இன்னொரு வருஷம் கொட்டாவி விட்டுக்கொண்டே பாடும் இரட்டையர் போனார்கள். ஜெயித்துத் தொலைத்தால் வேலியைத் திறக்க வேண்டுமே! இது தோர்டிஸின் மண்டையில் உறைத்த அன்று அவள் கையில் கத்தி இருந்தது. அன்றைக்கு அவள் அறுத்த மீனெல்லாம் கந்தலாகிப் போயின.

"இந்த வருஷம் பாட நான் பேர் குடுத்திருக்கேன்டி" என்றாள், பக்கத்தில் நின்று வேலை செய்யும் சிக்னேயிடம்.

தோர்டிஸ் பாடினால் தொழிற்சாலை இயந்திரத்தையே நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஆனால் அந்தக் குரல் அந்தச் சுவருக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

"உனக்கென்ன கிறுக்கா? நீ ஒழுங்காப் பாடினா அந்தக் கடங்காரன் எடுக்கவே மாட்டானே!"

"அதான் அவன் முன்னால ஒழுங்காப் பாடப் போறதில்ல. எம் புருஷனக் குடிகாரன்னு சொன்ன வாயி, நான் ஜெயிச்சுட்டேன்னு சொல்லணும். அப்புறம் அவங்கையாலயே அந்த வேலியத் திறக்கணும்."

ரப்பர் பூட்ஸும் மீன் செதில் ஒட்டிய ஏப்ரனுமாக அவள் தேர்வுக்குப் போய் நின்று, கதவு கிறீச்சிடுகிற மாதிரி கத்தினாள். பிரெம் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினான். "இதாம்மா வேணும்! மண் வாசன, மீன் வாசன!" என்றான். குடும்பம் இருக்கா என்று ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டான்.

"புருஷன் இருந்தாரு சார். விழுந்து செத்துட்டாரு."

"அடடா" என்று கடிகாரத்தைப் பார்த்தான் பிரெம். சாவு வீட்டுக்கு எட்டிப் பார்த்திருந்தால் அல்லவா முகம் தெரியும்! அவள் கொடுத்திருந்தது அப்பா வீட்டுப் பெயர். அவன் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை.

அவளுக்குக் கொடுத்தது ஒரு கோமாளிப் பாட்டு. ஒரு பெண் மீன் தன் புருஷன் மீனைத் தேடுகிறது. 'என்னவன் பெட்டிக்குள்ள போயிட்டான், மூடிய யாரு திறப்பீங்க?' என்று துள்ளல் தாளத்தில் பாட வேண்டும். சுற்றிலும் மீன் வால் கட்டிய ஆட்டக்காரர்கள் குதிப்பார்கள். முதல் தடவை வரிகளைப் படித்தபோது தோர்டிஸ் தாளைக் கசக்கி எறிந்தாள். அப்புறம் அதை எடுத்துப் பிரித்து, இன்னொரு தடவை நிதானமாகப் படித்தாள். வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது.

அந்த வருஷப் போட்டி வெல்மாரில் நடந்தது. ஒத்திகை நாட்களில் அவள் கத்திய கத்தலில், மேடையைக் கூட்டுகிறவர்கள்கூடக் காதைப் பொத்திக்கொண்டார்கள். நன்றாகப் பாடத் தெரிந்தவளுக்கு மோசமாகப் பாடுவதுதான் பெரும்பாடு. ஒரு ஸ்வரம் சரியாக விழுந்துவிட்டாலும் பிரெம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவான்.  இந்தப் போட்டியில் வாத்தியக் குழு நேரில்தான் வாசிக்கும். நடத்துகிறவர் பாடுகிறவரைப் பார்த்துத்தான் கோலை அசைக்க வேண்டும் என்பது வழக்கம். அவரிடம் தனியாகப் போய், "நாளைக்கு நான் கையத் தூக்கினா நிறுத்திடுங்க ஐயா" என்றாள்.

"நிறுத்தினாப் புண்ணியமாப் போகும்மா" என்றார் அந்த மனிதர்.

மறுநாள் விளக்குகள் எரிந்தன. வாத்தியங்கள் துள்ளின, மீன் வால்கள் ஆடின. தோர்டிஸ் கையைத் தூக்கினாள். எல்லாம் நின்றது. ஆட்டக்காரர்கள் வாலைத் தூக்கியபடியே விழித்துக்கொண்டு நின்றார்கள். அவள் தனியாக, மெதுவாக, அடித்தொண்டையிலிருந்து ஆரம்பித்தாள்.

"என்னவன் பெட்டிக்குள்ள போயிட்டான்... மூடிய யாரு திறப்பீங்க..."

அதே வரிகள்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. இரண்டாம் சுற்றில் நடத்துகிறவர் ஒற்றை வயலினை மட்டும் மெல்லச் சேர்த்தார். அழுகைப் பாட்டு என்று உலகம் நினைத்தது. அழுகையாவது மண்ணாவது! கட்டிலில் அவன் பக்கம் காலியாகக் கிடந்த வருஷங்களையெல்லாம் பல்லுக்கிடையில் வைத்து அரைத்துக் காறித் துப்பினாள். கார்ஸ்விக்கில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த சிக்னே, "விடாதடி, விடாதடி" என்று மேஜையைக் குத்திக்கொண்டிருந்தாள்.

புள்ளிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு முழுப் புள்ளிக்கும் ஹால்மர்க்காரர்கள் கத்தினார்கள். பிரெம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். ஜென்மத்தில் ஹால்மருக்கு எதுவும் கொடுக்காத வெல்மாரே கடைசியில் முழுப் புள்ளி கொடுத்தபோது, காமிரா நேராக அவன் மூஞ்சிக்கு வந்தது. "நம்ம... நம்ம தோர்டிஸ் ஜெயிச்சுட்டாங்க" என்று அந்த வாய் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அவள் மைக்கை வாங்கி, "என் புருஷன் எய்னார் கட்டின மண்டபம் எங்க ஊர்ல இருக்கு. அடுத்த வருஷம் எல்லாரும் வாங்க" என்றாள். பிரெமுக்கு அப்போதுதான் அவள் யாரென்று தெரிந்தது.

ஊர் திரும்பியதும் பிரெம் அவள் வீட்டு வாசலில் பூங்கொத்தோடு வந்து நின்றான்.

"அம்மா, ஜெயிச்சவங்களே வேணாம்னு சொல்லிட்டா, வேற நாடு எடுத்து நடத்தும். ஒரு வார்த்த சொல்லுங்க. என் மானமே போயிடும்."

"எம் புருஷன் மானம் டிவியிலதான் போச்சு சார். மொதல்ல அங்க போய் மாத்திச் சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்."

அன்று சாயங்காலமே சொன்னான். எய்னார் குடிப்பழக்கம் இல்லாதவர், எனக்குக் கிடைத்த தகவல் தவறு, வருந்துகிறேன் என்று. ரொட்டிக் கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். தோர்டிஸ் துடைக்கவில்லை. அவன் வருத்தத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய?

மண்டபத்தை அளந்து பார்க்கப் போட்டிக் குழுவினர் வந்தார்கள், கூடவே எல்லா நாட்டுக் காமிராக்களும். அவள் இப்போது மறுத்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் பிரெம் புன்னகையோடு வேலிப் பூட்டின் முன்னால் நின்றான்.

"திறங்க சார்" என்றாள் தோர்டிஸ்.

"நான்தான் சொல்லிட்டேனே!" அவன் குரல் பிசிறியது.

"சொன்னீங்க. வேலியத் திறக்காதீங்கன்னு நான் எப்ப சொன்னேன்?"

அவன் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகினான். வேலி திறந்தது. உள்ளே நாலு சுவர், புல், மேலே வெறும் வானம். உயரே சாரத்தில் அந்தப் பலகை முறிந்தபடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே மற்ற பலகைகளும் இருந்தன. எதற்கும் பிடிமானம் இல்லை. காமிராக்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

தோர்டிஸ் ஏணியை இழுத்துக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தாள்.

"ஏறுங்க சார். நீங்க குடிக்கலதானே?"

பிரெம் ஏறவில்லை. அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.