சாக்குச் சந்தின் வாயில் கிடக்கும் கல்லுரல்

மாத்தளைக் கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள சாக்குச் சந்தில் ஒரு பெண், வண்டிக்காரன் ஒருவனின் காதைக் கடித்துத் தின்றுவிட்டாளாம். ரயில் நிலையத்துத் தேநீர்க்கடையில் அது ஒரு காது. சந்தைக்கு வருவதற்குள் இரண்டு காது. பக்கத்து ஊர் அலுவிகாரையில் போய் விசாரித்தால் மிளகு போட்டு வறுத்தே முடித்துவிட்டார்கள். மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, காதுக்குச் சொந்தக்காரனைத் தேடிப் போனேன்.

மாரிமுத்து கள்ளுத் தவறணையில் இருந்தான். தலைப்பாகையை அவிழ்த்துக் காட்டினான். காதுகள் இரண்டும் இருந்தன. இடது காதில் கடுக்கன் இருந்த இடம் மட்டும் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. வலது மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியிருந்தது.

"கடிக்கலீங்க. பிச்சுட்டா," என்றான், ஏதோ அதுதான் கௌரவம் என்பதுபோல.

பிய்த்தவள் பேச்சியம்மா. தேயிலை, கொக்கோக் கிட்டங்கிகளுக்குச் சாக்குத் தைப்பவள். சாக்குச் சந்தில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. முற்றம் கிடையாது, ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். பிள்ளைகளுக்கு ஓட இருக்கும் நிலம் அந்தச் சந்து மட்டுமே. சந்தின் ஒரு முனையில் லாபிர் முதலாளியின் கிட்டங்கி. மறு முனையால் போனால் ரயில் நிலையம். சாமான் ரயிலைப் பிடிக்கத் தேயிலைப் பெட்டி வண்டிகள் சாயந்தரத்தில் பறக்கும். பிள்ளைகள் வெளியே வருவதும் அப்போதுதான்.

மூன்று வருடங்களுக்கு முன் அப்படிப் பறந்த வண்டி ஒன்று பேச்சியம்மாவின் மகள் தங்கத்தின் நெஞ்சின் மேல் ஏறி இறங்கியது. விசாரிக்க வந்த துரை, வண்டிச் சில்லையும் பார்த்தார், பிள்ளையையும் பார்த்தார். வண்டி போகும் வழியில் நின்றது பிள்ளையின் பிழை என்று முடித்தார். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை, மாடுகளும் சௌக்கியம். லாபிர் முதலாளி ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். பேச்சியம்மா அதைச் சாக்கூசியால் குத்திக் கிழித்து அவர் கிட்டங்கி வாசலிலேயே கொட்டினாள். தடுக்கப் போன கணக்கப்பிள்ளையின் உள்ளங்கையிலும் அந்த ஊசி போய் வந்தது.

அதற்குப் பிறகும் வண்டிகள் பறந்தன. அவள் கல்லெறிந்தாள், சாட்டையடி வாங்கினாள். வண்டி நிற்கவில்லை.

கடைசியில் வேப்பிலை நிறுத்தியது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால் அதைத் தாண்டி உள்ளே போகிற துணிச்சல் எந்த வண்டிக்காரனுக்கும் கிடையாது. கிட்டங்கிப் பக்கம், சந்தின் வாயில் முதல் வீடு ஹமீமாவுடையது. அவள் கயிறு கொடுத்தாள். பேச்சியம்மா வேப்பிலை கோத்துக் குறுக்கே கட்டினாள். அன்று முதல் வண்டிக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றிப் போனார்கள். பிள்ளைகள் கிளித்தட்டு ஆடினார்கள். நகரத்தைத் திருத்தக் கூட்டம் போட்ட பெரிய மனிதர்களால் ஆகாத காரியத்தை ஒரு முழ வேப்பங்கொத்து செய்தது.

கெடுத்தது மாரிமுத்துவின் பக்திதான். அவன் மகனுக்கு அம்மை கண்டது. தினமும் அந்தச் சந்தின் வாயைத் தாண்டிப் போனதால் ஆத்தா தன்னோடு வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று நம்பி, இளநீரும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு சந்துக்கு மன்னிப்புக் கேட்க வந்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்குப் பாப்பா அம்மை?" என்று ஹமீமாவின் மகள் மஸீனாவிடம் கேட்டான்.

"ஒருத்தருக்கும் இல்ல மாமா. வண்டி வராம இருக்கத்தான் கட்டுற."

மறுநாள் சாயந்தரம் மாரிமுத்து வண்டியோடு வந்தான். கயிறு அறுந்து மாட்டுக் கொம்பில் தொங்கியது.

"ஏண்டி, ஆத்தா பேர வச்சா ஏமாத்துற?"

"தங்கம் செத்தப்ப ஆத்தா எங்கடா இருந்தா? எறங்குடா கீழ!"

அவன் இறங்கவில்லை, மாட்டை அடித்தான். பிள்ளைகள் சுவரோடு ஒட்டினார்கள். மஸீனா மட்டும் நடுவில் உறைந்து நின்றாள். ஹமீமாவின் வாசற்படியில் கல்லுரல் இருந்தது. இரண்டு ஆண்கள் சேர்ந்து தூக்குகிற கனம். பேச்சியம்மா தோள் கொடுத்து அதைத் தள்ளிவிட்டாள். உரல் உருண்டு சில்லுக்குள் புகுந்தது. அச்சு முறிந்தது. வண்டி சரிந்து ஒரு மாட்டின் காலை ஒடித்தது. பெட்டிகள் உடைந்து சந்து முழுக்கத் தேயிலை. அதற்குள் தாய் ஓடி வந்து மஸீனாவை இழுத்துவிட்டாள்.

மாரிமுத்து சாட்டையை வீசினான். அது பேச்சியம்மாவின் இடது கண்ணில் விழுந்தது. அவள் ரத்தத்தோடே உலக்கையை எடுத்து அவன் மணிக்கட்டில் போட்டாள். அவன் அவள் கழுத்தை நெரித்தான்; அவள் அவன் கடுக்கனைப் பிடித்துத் தொங்கினாள். எது முதலில் விடும் என்று சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. காது விட்டது.

இவ்வளவுதான் காதின் கதை. அந்தக் கண் அப்புறம் திறக்கவேயில்லை. அதைப் பற்றி ரயில் நிலையத்திலும் யாரும் பேசவில்லை, அலுவிகாரையிலும் யாரும் வறுக்கவில்லை.

உரலை அப்புறப்படுத்த மறுநாள் பொலிஸ்காரர் ஆட்களோடு வந்தார். அதற்குள் பேச்சியம்மா அதைச் சந்தின் வாயில் நடுவாக நிமிர்த்தி, மஞ்சள் பூசி, குழிக்குள் வேப்பங்கொத்தைச் செருகியிருந்தாள். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். உரல் அங்கேயே நிற்கிறது. ஆள் நுழையலாம், ஆடு நுழையலாம். வண்டி நுழைய முடியாது. போன வெள்ளிக்கிழமை அதன் முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனது மாரிமுத்துதான். மகனுக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்தாயிற்றாம்.

ஹமீமாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நான் போயிருந்தபோதும் இடியப்பத்துக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டு, இடிக்க வழியில்லாமல் சுளகோடு நின்றாள்.

"எண்ட உரல எப்ப தாற, பேச்சியம்மா?"

"தர்றேன், லாத்தா. வண்டிங்க ஒரேயடியா நிக்கட்டும்."

"மஞ்சள் பூசி வச்சீக்கிறே! இனி தந்தும் அதுல நான் என்னத்த இடிக்கிற?"

பேச்சியம்மா ஒற்றைக் கண்ணால் சந்தைப் பார்த்தாள். மஸீனா உரலின் மேல் ஏறி நின்று, யாரையோ அவுட்டு என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"வேற ஒண்ணு வாங்கித் தர்றேன், லாத்தா."

"இதத்தான் போன மாசமும் சொன்னே," என்றாள் ஹமீமா.