பூசணிக்காய் பாலிசியில் இல்லை

என் அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. அதனால் வந்த வினைதான் இத்தனையும்.

சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, சீமைக்குக் கப்பலேறப் போகிற ஒரு துரையிடமிருந்து பழைய கார் ஒன்றை அப்பா வாங்கினார். கூடவே ஒரு டிரைவரையும் வைத்தார். அந்த டிரைவர் காலை வேளைகளில் அல்சூர் ஏரிப் பக்கம் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்து, லைசென்சும் வாங்க வைத்துவிட்டு, நல்ல சம்பளம் என்று மெட்ராசுக்குப் போய்விட்டார். நான் அப்போது தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் இரண்டு மைல் நடை. வீட்டில் கார் சும்மா நிற்கிறது, நான் புழுதியில் நடக்கிறேன். எனக்குக் கோபம் வருமா வராதா?

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"துரை எடுத்திருந்த இன்ஷூரன்ஸ் முடிஞ்சாச்சு, புதுசா எடுக்கணும். பாலிசி கையில வர்ற வரைக்கும் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. வந்தப்புறம் ஓட்டிக்கோ. ஆனா ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, மறுநாளே வித்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

அவ்வளவுதான். சாவி அவர் பெட்டிக்குள் போய்விட்டது.

அடுத்த வாரமே ஏஜென்ட் வந்தார். லிங்கராஜபுரத்திலிருந்து சைக்கிளில் வருவார். மெலிந்த மனிதர், வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். மூன்று தினுசு இருக்கிறது என்றார். மட்டமானது தேர்ட் பார்ட்டி.

"மூணாவது ஆளா? அப்போ முதல் ரெண்டு பேர் யாரு?" என்றார் அப்பா.

"நீங்க ஒண்ணு, எங்க கம்பெனி ரெண்டு. ரோட்டில போற மத்த ஜனம் அத்தனையும் மூணு, சார். உங்க வண்டி ஒரு ஜட்காவை இடிச்சா, குதிரைக்கும் ஜட்காக்காரனுக்கும் கம்பெனி குடுக்கும். ஆனா உங்க மட்கார்டு நசுங்கினா அது உங்க தலையெழுத்து."

"அடுத்தது?"

"அதோட தீயும் திருட்டும் சேரும். வண்டி எரிஞ்சாலும் களவு போனாலும் கிடைக்கும். அப்பவும் மட்கார்டு உங்க தலையிலதான். மூணாவதுதான் முழுசு. அதுல மட்கார்டும் அடக்கம்."

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "தீ சரி, திருடன் சரி. பக்கத்து வீட்டு ஆடு மேலே ஏறிக் குதிச்சா?"

ஏஜென்ட் கொஞ்சம் யோசித்து, "முழு பாலிசின்னா ஆட்டுக்கும் வழி பண்ணலாம்மா" என்றார். உடனே அப்பா முழு பாலிசிதான் என்று முடிவு கட்டிவிட்டார். இனி உலகத்தில் என்ன நடந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஏஜென்டுக்கு இன்னொரு வீட்டுக்குப் போகும் அவசரம். விண்ணப்ப பாரத்தைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அப்பா சொல்லச் சொல்ல நான்தான் நிரப்பினேன். வண்டி யாருடையது, எங்கே நிற்கும், என்ன நிறம். எல்லாவற்றுக்கும் என் கையெழுத்து, கீழே மட்டும் அப்பா கையெழுத்து. ரேஷன் மாதிரி ஒவ்வொரு பதிலையும் யோசித்து யோசித்துத்தான் சொன்னார்.

பாலிசி ஆயுத பூஜையன்று வரும் என்று தகவல் வந்தது. அப்பாவுக்கு ஒரே குஷி. பெங்களூரில் அன்றைக்குச் சுத்தியலிலிருந்து ரயில் இஞ்சின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். காரோடு பாலிசியையும் வைத்துச் சந்தனம் தடவிப் பூஜை போட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். கேட் ஓரம் கார் நின்றது. சாமந்தி மாலை, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். எல்லாம் தயார், ஏஜென்டைத்தான் காணோம்.

"ராகு காலம் வந்துடும்" என்று அம்மா பறந்தாள். அப்பா பத்து தடவை தெருவை எட்டிப் பார்த்தார். கடைசியில் பொறுமை போய், கற்பூரம் சுற்றி, குங்குமம் அடைத்த பூசணிக்காயைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே ஓங்கிப் போட்டார் பாருங்கள், தெரு பூராவும் சிதறியது.

அந்த நொடியில்தான் முக்கில் திரும்பினது சைக்கிள். தாமதமாகிவிட்டதே என்று பாவம், அவரும் பெடலை அழுத்திக்கொண்டு வந்திருக்கிறார். முன்சக்கரம் பூசணிச் சதையில் ஏறியது. ஏஜென்ட் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். கோட்டெல்லாம் குங்குமம். "ஐயோ ரத்தம்!" என்று அம்மா போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ரத்தமில்லை, ஆனால் வலது மணிக்கட்டு நிஜமாகவே வீங்கிக்கொண்டிருந்தது.

அப்பா கைத்தாங்கலாக அவரைத் தூக்கினார். முகத்தில் பயம் ஒரு பக்கம், ஒரு பிரகாசம் ஒரு பக்கம். "கவலைப்படாதீங்க! நீங்கதான் மூணாவது ஆள்! கம்பெனி குடுக்கும்!"

"சார்," என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார், "வண்டி நகரவே இல்லையே சார். பூசணிக்காய் பாலிசியில இல்லே."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மறுகணமே அப்பாவின் மிரட்டல் ஞாபகம் வந்தது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா வித்துடுவேன் என்றாரே! முதல் நாளே, வண்டி அசையாமலே, ஒன்று ஆகிவிட்டதே!

ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா தேடினார்கள். எங்கே கிடைக்கும்? அத்தனை ஜட்காக்காரர்களும் குதிரையைக் குளிப்பாட்டி மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கையை நீட்டினேன். "சாவியைக் குடுங்கப்பா. பாலிசிதான் வந்துடுச்சே, அவர் கோட்டுப் பையில இருக்கு."

சொன்ன சொல்லுக்கு அப்பா கட்டுப்பட்டவர். கொடுத்துவிட்டார்.

ஏஜென்டும் அப்பாவும் பின்னால் ஏறினார்கள். எலுமிச்சம்பழங்கள் நசுங்க, கேட்டை விட்டுக் கிளம்பினேன். கடைத்தெருவை நெருங்கும்போது பின்னாலிருந்து, அதுவரை வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஏஜென்டின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"டீச்சரம்மா... நீங்களா ஓட்டறீங்க? சார் ஓட்டுவார்னு இல்லே நினைச்சேன்? பாரத்துல சார் பேர்தானே இருக்கு? அந்தப் பேர்ல இருக்கறவர் ஓட்டினாதான் செல்லும். வேற யார் ஓட்டினாலும் முழு பாலிசி, அரை பாலிசி, ஒண்ணுமே கிடையாது!"

எனக்கு ஞாபகம் வந்தது. 'ஓட்டுபவர் பெயர்' என்று ஒரு வரி. வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் அப்பா பேரை எழுதித்தான் பழக்கம். வீட்டு வரியா, குழாய் வரியா, அப்பா பேர். "என் பேரைப் போடு" என்றார். நானும் போட்டேன். பிள்ளைகளின் தப்பையெல்லாம் சிவப்புப் பென்சிலால் சுழிக்கிறவள், என் கையாலேயே என்னை அடித்துவிட்டு, அது தெரியாமல் சந்தோஷமாக மை ஒற்றியிருக்கிறேன்! என் மேலேயே எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

வண்டியை ஓரம் கட்டினேன். இன்றைக்கு சிவாஜிநகர் என்கிறோமே, அந்தச் சந்தை எதிரே விரிந்து கிடந்தது. பண்டிகைக் கூட்டம். ஆடு, மாடு, பூக்கூடை, மாலை போட்ட பஸ், நடு ரோட்டில் நின்று பேசுகிற ஜனம். இத்தனையும் மூணாவது ஆட்கள், ஒருத்தருக்கும் கம்பெனி பொறுப்பில்லை.

"இறங்கி நடந்துடலாமாப்பா?" என்றேன்.

பாலிசி இல்லாமல் தீப்பெட்டிகூட வாங்காத மனிதர் அவர். ஏஜென்டின் கையைப் பார்த்தார். அது இட்லி மாதிரி உப்பியிருந்தது. வெளியே கூட்டத்தைப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

"நீ ஓட்டும்மா," என்றார். "மெதுவா போ."

போனேன். ஒரு கோழிகூடச் சிறகடிக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். இறங்கிப் பின் கதவைத் திறந்துவிட்டேன்.

"ஏனாயித்து?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சு என்று கேட்டபடி வந்த கம்பவுண்டர் கட்டுப் போட்டுவிட்டார். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். ஏஜென்ட் நல்ல மனிதர். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததுமே, "கம்பெனிக்கு ஒரு கடுதாசி இப்பவே எழுதிடலாம் சார், ஓட்டுபவர் பேரைச் சேர்க்கச் சொல்லி. என்னால எழுத முடியாது, டீச்சரம்மா எழுதட்டும்" என்றார்.

எழுதினேன். அந்த இடம் வந்ததும் வழக்கம்போல அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். "உங்க பேருக்குக் கீழே என் பேரையும் சேர்த்துடட்டுமாப்பா?"

வராந்தா நிறைய ஜனம். அப்பா யாரையும் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என் பேரை எடுத்துடு. உன் பேரை மட்டும் எழுது," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எனக்கு எங்கேம்மா ஓட்டத் தெரியும்?"