கார்மேகத்துக்கு வந்த அல்சர்

கார்மேகத்துக்கு அல்சர் கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற பரமக்குடி வயிறு. ஆனால் துபாயில், அல் கூஸில் அவர் தங்கியிருக்கும் லேபர் கேம்ப்பில் யாரைக் கேட்டாலும், பாவம், அந்த மதராசிக்கு வயிற்றில் புண் என்பார்கள். எல்லாம் அவரே கட்டிவிட்ட கதை.

வந்த புதிதில் ரூமில் தமிழ் பேச ஓர் ஆள் இல்லை. மற்ற நால்வரும் பாகிஸ்தானின் பெஷாவர்க்காரர்கள். டூட்டி முடிந்து வந்ததும் தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, நடுவே ஒரே பெரிய தட்டில் சோற்றையும் கறியையும் கொட்டி, எல்லோரும் அதிலேயே கை வைப்பார்கள். மூத்தவரான அஸ்கர் அலி, "ஆவோ பாய், பைட்டோ" என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். கார்மேகமோ பெண்டாட்டி குடித்த டம்ளரைக்கூடக் கழுவிவிட்டுத்தான் தொடுவார். நக்கிய விரல் மறுபடி சோற்றுக்குள் போனதைப் பார்த்ததும் அவருக்குக் குமட்டியது. எச்சில் என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? "அல்சர் பாய், மிர்ச்சி நஹி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்தார்.

எங்கே தப்பித்தார்? மறுநாளே அஸ்கர் அலி சின்னச் சட்டியில் இவருக்கென்று தனியாகப் பொங்கினார். மிளகாய் சேர்க்காமல், அரிசியும் பாசிப்பருப்பும் குழையக் குழைய. அதன் பிறகு ஒரு நாளும் நிறுத்தவில்லை. ஓரமாக உட்கார்ந்து அதை விழுங்கும்போதெல்லாம் கார்மேகத்துக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் ஊரிலிருந்து மனைவி உமாராணி போனில் பிடித்துக்கொண்டாள். "நீங்க கூட உக்காந்து திங்கவே கூசுறீக. அந்த மனுசன் ஒங்களுக்குன்னு தனியா ஒல வைக்கிறாரு. வெக்கமா இல்ல?"

ரமலான் வந்தது. இனி வேண்டாம் என்று கார்மேகம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அஸ்கர் அலி கேட்கவில்லை. சொட்டுத் தண்ணீர் இறங்காத தொண்டையோடு அடுப்படியில் நின்று கிண்டினார். நோன்புக்காரர், உப்புப் பார்க்க முடியாது. ஒருநாள் உப்பே போட மறந்துவிட்டார். சரியாக இருக்கிறதா என்று அவர் கவலையோடு கேட்டபோது, "அச்சா ஹை பாய்" என்றார் கார்மேகம். சே, நானெல்லாம் ஒரு மனிதனா என்று நொந்துகொண்டார். இன்றைக்குச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தார்.

பாங்கு சொன்னதும் நோன்பு திறந்தார்கள். பெரிய தட்டு நடுவே வந்தது. கார்மேகம் போய் உட்கார்ந்து அதில் கையை நீட்டினார். அஸ்கர் அலி பதறிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மிர்ச்சி ஹை பாய்!"

"அல்சர் நஹி பாய்" என்றார் கார்மேகம்.

"நஹி? கலாஸ்?" குணமாகியே விட்டதா என்று அஸ்கர் அலியின் முகம் மலர்ந்தது. மேற்கொண்டு பேச விடவில்லை. இரண்டு கைகளையும் ஏந்தி, கண் கலங்க ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் கார்மேகத்தின் முதுகில் தட்டி, இந்தியில் விளக்கினார். தினமும் நோன்பு திறக்கும் நேரத்தில் அஸ்கர் அலி இவருடைய வயிற்றுக்காகத்தான் துவா கேட்டாராம். அல்லா கேட்டுவிட்டானாம்.

அப்படியில்லை என்று சொல்லக் கார்மேகம் வாயைத் திறந்தார். அஸ்கர் அலி நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பிய்த்து, தன் கையாலேயே அவருக்கு ஊட்டிவிட்டார்.

கார்மேகம் அதைத் தின்றார். இனி எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது?