பெயர் கூப்பிடும் நேரம்

திகாம் பத்து ஊர்ச் சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் புஷ்பவள்ளி பன்னிரண்டு வருடமாகப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். விடியுமுன்னே ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து வரிசையில் நிற்க, கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் எதிரிலேயே நின்றாலும் அன்றைக்கு வராதவர்தான். தொண்டை கட்டிப்போன ஒரு நாள் புஷ்பவள்ளியே அப்படி லயத்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள்.

அவள் மகள் நவமணிக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. முழுக்க அல்ல. தண்டவாளச் சத்தத்துக்கு மட்டும் பிள்ளை பாயில் எழுந்து உட்காரும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளைக்குக் காது கேக்கும், வாய்தான் இன்னும் திரும்பல" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொல்லி வந்தாள். கணவன் ராமையா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

ஆறு வயதில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். ஒரே அறை, முப்பது பிள்ளைகள், ஒரே வாத்தியார். மூன்றாம் நாளே சுப்பிரமணியம் வாத்தியார் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"பேரு கூப்பிட்டா எந்திரிக்கவே மாட்டேங்குது. வந்திருக்குன்னு நான் எப்படி எழுதுறது? வீட்லயே வெச்சிக்கம்மா."

புஷ்பவள்ளிக்குப் பெரட்டுக் களம் ஞாபகம் வந்தது. குரல் கொடுத்தால் ஆள் இருக்கிறது, அவ்வளவுதானே! வாத்தியாரின் பட்டியலில் நவமணிக்கு முந்தின பெயர் பக்கத்து வீட்டுப் பரஞ்சோதி. அவளும் நவமணி வயதுதான், முன் பெஞ்சில் உட்காருகிறவள். பத்து நாள் சாயங்காலம் இருவரையும் முன்னும் பின்னுமாக உட்கார வைத்து, புஷ்பவள்ளி கையில் குச்சியோடு வாத்தியாராக நின்றாள். பரஞ்சோதி எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்லி உட்கார்ந்த கையோடு நவமணி எழ வேண்டும், ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். சரியாகச் செய்தால் இரண்டு பேருக்கும் வெல்லக்கட்டி. பத்தாம் நாள் "ஆயா" என்று வந்தது.

வாத்தியாரும் சேர்த்துக்கொண்டார். பரஞ்சோதிக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு நவமணிக்கும் சரியில்லை. அது மட்டும் புஷ்பவள்ளி மீறாத சட்டம்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. கரும்பலகையில் இருப்பதை நவமணி அச்சுப் போலச் சிலேட்டில் எழுதுவாள். எழுதியது இன்னதென்று அவளுக்குத் தெரியாது. "மக்கு, ஆனா அடக்கமான புள்ள" என்பார் வாத்தியார்.

ஐம்பத்தைந்தாம் வருடக் கடைசியில், சைக்கிளில் துணி மூட்டையோடு வரும் யஹ்யா ஒரு சேதி கொண்டுவந்தார்.

"பினாங்குல காது கேக்காத புள்ளைங்களுக்குன்னே ஸ்கூல் இருக்கும்மா. என் கண்ணால பாத்தேன். வாயப் பாத்தே பேச்சு தெரிஞ்சுக்குதுங்க. தங்குறது, சாப்பாடு எல்லாம் அங்கேயே."

"எம்புள்ளைக்குத்தான் காது கேக்குமே, பாய்."

"யாருகிட்ட லா சொல்றே? நாலு வருஷமா மிட்டாய் குடுக்கிறவன் நான். ஒரு நாளாவது கூப்புட்டுத் திரும்பியிருக்கா? எட்டு வயசு தாண்டிட்டா எடுக்க மாட்டாங்களாம். அப்புறம் உன் இஷ்டம்."

நவமணிக்கு எட்டு முடிய மூன்று மாதம் இருந்தது. அன்றைக்கு ராமையாவிடம் சொன்னபோது, சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே "அனுப்பு" என்றான். மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கொடுக்கும் டிரஸரிடம் அந்த ஸ்கூலுக்கு மகள் பெயரைக் கொடுத்தாள். பிள்ளையை வந்து பார்த்துத்தான் காது கேட்காது என்று எழுத முடியும் என்றார் அவர்.

புதன்கிழமை பள்ளி விடுவதற்குச் சற்று முன் டிரஸர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "இந்தப் பொண்ணு டெய்லி பதில் சொல்லுதே!" என்று வாத்தியார் ஆச்சரியப்பட்டார். டிரஸர் பின்னால் போய் நின்றுகொண்டு பட்டியலைக் கூப்பிடச் சொன்னார். பரஞ்சோதி எழுந்தாள், உட்கார்ந்தாள். நவமணி எழுந்தாள். "ஆயா."

பாலை எடை போட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த புஷ்பவள்ளியிடம் டிரஸர் கறாராகச் சொன்னார்.

"காது நல்லாத்தான் இருக்கு. பேரை லிஸ்ட்லருந்து அடிச்சுட்டேன்."

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பால் காய்ந்த கையை முந்தானையில் துடைத்தாள்.

"ஐயா, அது கேட்டுச் சொல்லல. நான்தான் பழக்கி வெச்சேன்."

"சோறு போடுற ஸ்கூல்னு தெரிஞ்சதும் செவிடாயிடுச்சா?"

"ரெண்டு வருஷமா என்னை ஏமாத்திட்டியா?" வாத்தியாரின் முகம் சிவந்தது. "அப்படியெல்லாம் இல்ல, டிரஸர். இந்தம்மா புள்ளைய அனுப்பப் பொய் சொல்லுது."

"பரஞ்சோதிய வெளிய அனுப்பிட்டுக் கூப்பிட்டுப் பாருங்க. ஒரே ஒரு வாட்டி" என்றாள் புஷ்பவள்ளி.

பரஞ்சோதி வெளியே போனாள். வாத்தியார் முதலிலிருந்து தொடங்கினார். பரஞ்சோதியின் பெயருக்கு யாரும் எழவில்லை. "நவமணி." பிள்ளை காலியாக இருந்த முன் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "நவமணி!" அறை அதிரக் கத்தினார். ஒன்றும் இல்லை. எழுந்துவிடக் கூடாதே என்று புஷ்பவள்ளி கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தாள். பேர் கூப்பிட்டு மகள் பேசாமல் இருக்க வேண்டும் என்று அவள் விரும்பியது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து ஆபீஸில் மத்தியானத்துக்குத் தண்டவாளத்தை அடித்தார்கள். நவமணி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா! கேக்குது!" என்றார் வாத்தியார்.

இத்தனை வருடமும் லயத்தில் புஷ்பவள்ளி சொல்லி வந்த வார்த்தை அது. டிரஸர் நவமணியின் பின்னால் போய்க் கையைத் தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு மேசை மேல் இருந்த மணியை ஆட்டினார். பிள்ளை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பெரிய இரும்புச் சத்தம் மட்டும்தான் போகுது. பேச்சு போகல" என்றார். பேனாவை எடுத்து, அடித்திருந்த பெயரை அதன் மேலேயே மறுபடி எழுதினார். "கொஞ்சம் கேக்கிற புள்ளைங்களையும் அங்க எடுப்பாங்க."

வாத்தியார் யாரையும் பார்க்காமல் பட்டியலை மூடினார்.

ஜனவரியில் பஸ் ஏறி, பெரிப் படகு ஏறி மூவரும் பினாங்கு போனார்கள். எத்தனை மாதம் கழித்து வருவேன் என்று புஷ்பவள்ளி விரலைக் காட்டினாள். அது நாளா மாதமா என்று பிள்ளைக்குத் தெரிந்ததோ என்னவோ.

அந்த வகுப்பில் நாற்காலிகளைப் பிறை வடிவில் போட்டிருந்தார்கள். யாருக்கும் முன்னால் யாரும் இல்லை. நவமணி உட்கார்ந்து, பார்த்து எழுவதற்கு ஒரு முதுகைத் தேடினாள். ஆசிரியை வந்து குனிந்து, அவள் முகவாயைத் தொட்டுத் தன் வாயைக் காட்டி மெதுவாக அவள் பெயரைச் சொன்னார். மறுபடி சொன்னார். பிள்ளை அந்த உதடுகளையே வெகுநேரம் பார்த்தது.

"ஆயா" என்றது.

"வா, பெரி போயிரும்" என்றான் ராமையா. இன்னும் ஒரு பிள்ளையின் பெயருக்கும் நவமணி குரல் கொடுக்கிறாளா என்று பார்க்கும்வரை புஷ்பவள்ளி நின்றிருந்துவிட்டு நடந்தாள்.