நாலு எல்லைப் பாடம்

மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்ட மறுநாளே அம்மா வீட்டில் பள்ளிக்கூடம் வைத்துவிட்டார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் சிலேட்டில் வரி கோணினால் கண்டுபிடித்துவிடுவார்.

“நாத்து நட்டா இப்படியாடி போகும்? அழிச்சிட்டு எழுது.”

எனக்கும் அக்காவுக்கும் ஒரே பாடம்தான். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் நாங்கள் குத்தகைக்கு உழுத வயலின் நாலு எல்லை. வடக்கே பாசன வாய்க்கால், கிழக்கே வாழைக்கொல்லை, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே மாரியம்மன் கோயில் நிலம். எழுதி முடித்ததும் வெடித்துக் கிடக்கும் வயலுக்கே போய் ஒப்பிக்க வேண்டும். தப்பில்லாமல் சொன்னால் நுங்கு. நுங்கு எப்போதும் அக்காவுக்குத்தான். நான் வாய்க்காலில் நண்டு வளை பார்த்துக்கொண்டிருப்பேன்.

விஷயம் இதுதான். குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சர்க்கார் சொல்லியிருந்த சமயம் அது. பண்ணையார் வீட்டிலோ, அப்பா வெறும் கூலியாள் என்று சொல்லிவிட்டார்கள். அளந்த நெல்லுக்கு ஒருநாளும் ரசீது தந்ததில்லை. பதிவாகாவிட்டால் ஆடியில் ஏர் பூட்ட வயல் இருக்காது. அப்பாவுக்கோ அதிகாரி என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வேண்டிக்கொண்டு எங்களைத் தயார் செய்தார்.

அதிகாரி வயலுக்கே வந்து விசாரிக்க இரண்டு நாள் இருக்கையில் அக்காவுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலை சொருகிய வீட்டிலிருந்து நான்தான் போனேன்.

“எல்லையச் சொல்லுய்யா” என்றார் அதிகாரி.

“பாப்பா சொல்லும்ங்க” என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார்.

பண்ணையாரின் காரியஸ்தர் குடைக்குள் சிரித்தார். “வக்கீலம்மாவையே கூட்டியாந்துட்டான் பாருங்க.”

“வடக்கே…” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“வடக்கே நண்டு இருக்கு சார். வரப்புல ஓட்டை போட்டுடும். அம்மா வைக்கோலும் சேறும் வச்சு மிதிச்சு அடைப்பாங்க. தம்பி பொறந்த அன்னிக்கும் அடைச்சிட்டுத்தான் வந்தாங்க. ஒரு மூலையில மட்டும் தண்ணி வடியாது சார், நாத்து அழுகிடும். அங்க ரெண்டு தடவ நடணும்.”

அதிகாரி காரியஸ்தர் பக்கம் திரும்பினார். “அது எந்த மூலைங்க? கொஞ்சம் காட்டுங்க.”

காய்ந்த வயலில் எல்லா மூலையும் ஒன்றுபோலத்தான் இருந்தது. காரியஸ்தர் குடையைக் கை மாற்றிக்கொண்டார். நான் ஓடிப்போய் அந்த மூலையில் நின்றேன். அதிகாரி குனிந்து எழுதத் தொடங்கினார்.

வீடு வரும்வரை அழுதேன். “மூணு எல்லைய சொல்லவே இல்லம்மா.”

அப்பா நடந்ததைச் சொல்லக் கேட்டுவிட்டு, அம்மா ஒரு குலை நுங்கையும் என் முன்னால் வெட்டிப் போட்டார். “தின்னுடி என் ராசாத்தி” என்று சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

சில வாரத்தில் பதிவில் அப்பா பெயர் ஏறியது. அப்பா ஏர் பூட்டிய மறுநாள் கோயில் வாசலில் பொங்கல் பொங்கி வழிந்தது. அக்காவுக்கு அம்மை இறங்கியதற்காக என்றே நினைத்தேன். விட்டுப்போன மூன்று எல்லைக்காக ஆத்தா கோபிக்கக் கூடாது என்று, அம்மாவுக்குத் தெரியாமல், நான் தனியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.